கரேரா ஜிடியும் ஆபத்து வழிபாடும்

போர்ஷே கரேரா ஜிடியைப் பற்றி யார் எழுதினாலும் கடைசியில் ஒரே பாட்டுக்கு வந்துவிடுகிறார்கள். ஓட்டுநருக்கும் சாலைக்கும் நடுவே கம்ப்யூட்டர் புகாத கடைசி சூப்பர் கார் அது. சின்னத் தப்பையும் மன்னிக்காது. மன்னிக்காத அந்தக் குணம்தான் அதன் மகத்துவம். இன்றைய கார்கள் ஓட்டுநரைக் கைப்பிள்ளையாக்கிவிட்டன. கைத்திறன் இல்லாதவர் இதைத் தொடவே கூடாது. மனைவிமாரை விதவையாக்கும் கார் என்று அதற்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு. அதை வசையாக யாரும் சொல்வதில்லை, பாராட்டாகவே சொல்கிறார்கள். அந்தக் காரில் இறந்தவர்களைக்கூட அதன் வீரக்கதையில் ஓர் அத்தியாயமாகச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கருத்து அடியோடு தவறு. காரைக் குறை சொல்ல நான் வரவில்லை. மனிதர் கையால் ஆன இயந்திரங்களில் மிக அழகானவற்றுள் ஒன்றாகவே அதை மதிக்கிறேன். அந்த அழகு எதில் இருக்கிறது என்பதில்தான் என் வழக்கு. ஆபத்தில் இருக்கிறது என்பவர்கள் காரையும் சரியாகப் பார்க்கவில்லை, ஆபத்தையும் சரியாகப் பார்க்கவில்லை. அதைவிட மோசம், அவர்கள் பரப்பும் இந்தப் பக்தியே காரின் ஆபத்தை ஆண்டுக்கு ஆண்டு கூட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் அழகைப் பேசிவிடுகிறேன். 1991-ல் போர்ஷே ஃபார்முலா 1 பந்தயத்துக்கு ஒரு வி12 எஞ்சினைக் கொடுத்தது. ஃபுட்வொர்க் அணியின் காரில் அது பாரமாகிப் போனது. ஒரு புள்ளிகூட எடுக்காமல், போட்டிப் பருவம் முடிவதற்குள்ளாகவே கழற்றப்பட்டது. அந்த அவமானத்துக்குப் பிறகு பொறியாளர்கள் 3.5 லிட்டர் வி10 ஒன்றை வரைந்தார்கள். அதற்குப் பந்தயமே வாய்க்கவில்லை. 1998-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற பின், அடுத்த பந்தயக் காருக்காக அந்த வி10-ஐ 5.5 லிட்டராகப் பெரிதாக்கினார்கள். அந்தக் காரும் சோதனை ஓட்டத்தோடு நின்றுபோனது. நிறுவனத்தின் பணமும் ஆட்களும் கேயன் என்ற குடும்பக் காரின் பக்கம் போயிருந்த காலம் அது. இருமுறை தயாராகி இருமுறையும் களம் காணாத அந்த எஞ்சின்தான், 2000 செப்டம்பரில் பாரிசில் காட்டிய மாதிரிக் காரில், இருக்கைகளுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. 2003 முதல் 2006 வரை லைப்சிக் ஆலையில் 1,270 கார்கள் உருவாயின.

விற்பனைக்கு வந்தபோது எஞ்சின் 5.7 லிட்டர், 8,000 சுற்றில் 612 குதிரைத்திறன். டர்போ கிடையாது. எனவே கால் கேட்பதற்கும் எஞ்சின் கொடுப்பதற்கும் நடுவே காத்திருப்பு இல்லை. எஞ்சினைத் தரையோடு தரையாக இறக்கவேண்டும் என்பதற்காகக் கிளட்சையே சுருக்கினார்கள். இரட்டைத் தட்டு செராமிக் கிளட்ச், 169 மில்லிமீட்டர் விட்டம், ஒரு சாண்கூட இல்லை. சுழலும் பாகங்களின் எடை இவ்வளவு குறைந்துவிட்டதால் ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் சுற்று சீறி ஏறுகிறது, விட்டதும் அதே வேகத்தில் விழுகிறது. சேசிஸும் எஞ்சினைத் தாங்கும் சட்டமும் கார்பன் ஃபைபர். சக்கரங்கள் மெக்னீசியம். பிரேக் தட்டுகள் செராமிக். ஸ்பிரிங்குகள் சக்கரத்தின் அருகில் நிற்காமல், பந்தயக் கார்களில் இருப்பதுபோல உள்ளே படுத்துக் கிடக்கின்றன. சக்கரத்தின் அசைவைத் தள்ளுகம்பிகள் அவற்றுக்குக் கொண்டுபோகின்றன. மொத்தக் காரும் 1,380 கிலோதான். ஸ்டீயரிங்குக்கு எட்டும் உயரத்தில் ஆறு கியர் கம்பி, அதன் தலையில் அடுக்கு மரத்தில் கடைந்த உருண்டைக் குமிழ். 1970, 1971-ல் லெ மான் வென்ற 917 காரில், எடை குறைப்பதற்காக பால்சா மரக் குமிழ் வைத்திருந்தார்கள். அதன் நினைவாக இது.

சத்தத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். 8,000 சுற்றை நெருங்கும்போது அந்த வி10 எழுப்பும் ஓசையை ஒலிபெருக்கி வைத்துச் செயற்கையாக உண்டாக்கவில்லை. பத்து சிலிண்டர்களின் வெடிப்பும் உலோகத்தின் அதிர்வும் கலந்து, அடிக்குரலில் தொடங்கி உச்சஸ்தாயிக்கு ஏறும் ஓசை. கூரைத் தகடுகளைக் கழற்றிவிட்டு ஓட்டினால் அது முதுகிலேயே வந்து மோதும். இன்றைய மின்சாரக் கார்கள் இதைவிட வேகமாகக் கிளம்புகின்றன. ஆனாலும் இந்த ஓசைக்கு ஈடாக அவற்றிடம் ஒன்றும் இல்லை என்பதை அவற்றின் ஆதரவாளர்களே ஒப்புக்கொள்வார்கள்.

மேலே சொன்ன எதை எடுத்தாலும், பொறியாளர்கள் முயன்று அந்தக் காருக்குள் கொண்டுவந்து வைத்த பொருள் அது. எஞ்சின், எடை, கிளட்ச், கியர், ஓசை எல்லாமே வைத்தவை. வைக்காமல் விட்ட ஒன்றிலிருந்து இந்த இன்பத்தில் ஒரு துளியும் வரவில்லை. ஆபத்தை வழிபடுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, விட்டதையே காரின் ஆன்மா என்கிறார்கள்.

'அனலாக்' என்ற முத்திரையே இந்தக் காருக்குப் பாதிதான் பொருந்தும். பிரேக் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இதில் உண்டு. பின்சக்கரம் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோலும் உண்டு. எரிபொருளையும் தீப்பொறியையும் ஆள்வது மின்னணுப் பெட்டி. மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டினால் பின்னிறக்கை தானே எழுந்துகொள்ளும். ஓட்டுநர்களை அழவைக்கும் கிளட்ச் என்று பேர்போன அந்தச் செராமிக் கிளட்சை எப்படிக் கையாள்வது? நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது ஆக்சிலரேட்டரைத் தொடவே தொடாமல் கிளட்சை மெல்ல விடவேண்டும் என்பதே இதற்கான முதல் பாடம். அப்போது எஞ்சின் அணைந்துவிடாமல் தாங்கிப் பிடிப்பது அதே மின்னணுப் பெட்டிதான். கம்ப்யூட்டர் தீண்டாத கார் என்று பரவசப்படுகிறவர்கள் ஒவ்வொரு சிக்னலிலும் கம்ப்யூட்டரின் தயவில்தான் நகர்கிறார்கள்.

இல்லாதது ஒன்றே ஒன்று: நிலைத்தன்மைக் கட்டுப்பாடு. மற்ற நிறுவனங்கள் இஎஸ்பி, இஎஸ்சி என்பதைப் போர்ஷே பிஎஸ்எம் என்று அழைக்கிறது. கரேரா ஜிடி பிறப்பதற்கு முன்பே அது போர்ஷேயின் 911 வகைக் கார்களுக்கு வந்துவிட்டது. அதே லைப்சிக் ஆலையில் உருவான கேயனிலும் இருந்தது. பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுபோய் விடுகிற காருக்குக் கிடைத்த பாதுகாப்பு, அதே கூரையின் கீழ் உருவான 612 குதிரைத்திறன் காருக்குக் கிடைக்கவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். 2003-ல் இந்த அமைப்புகள் இன்று இருப்பதுபோல நுணுக்கமானவை அல்ல. தேவையில்லாத நேரத்தில் முரட்டுத்தனமாகக் குறுக்கிடும், வளைவில் காரின் ஓட்டத்தை வெட்டிவிடும். பந்தயக் காரை நினைத்து உருவாக்கிய ஒன்றில் அன்றைய பொறியாளர்கள் அதை வேண்டாம் என்று விட்டதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அந்தக் காலத்தின் ஒரு முடிவு அது. அதையே இருபது ஆண்டுகள் கழித்து வேதமாக்கி, அப்படி விடாத கார்களையெல்லாம் போலி என்று தள்ளுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

நிலைத்தன்மைக் கட்டுப்பாடு என்ன செய்கிறது என்று தெரிந்தால் 'கைத்திறன் போதும்' என்ற வாதம் எவ்வளவு பலவீனமானது என்பது விளங்கும். ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை ஒரு சென்சார் பார்க்கிறது. கார் உண்மையில் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை இன்னொரு சென்சார் பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போகாத கணத்தில், எந்தச் சக்கரத்தைப் பிடித்தால் கார் நேராகுமோ அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடுகிறது. ஓட்டுநரின் காலடியில் இருப்பது ஒரே பிரேக் பெடல். எப்பேர்ப்பட்ட ஓட்டுநராலும் இடதுபின் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட முடியாது. ஆகவே திறமை இல்லாதவருக்குத் தரும் ஊன்றுகோல் இது என்பது தவறு. உலக சாம்பியனிடமும் இல்லாத மூன்று பெடல்களைக் கொடுக்கும் கருவி இது.

கரேரா ஜிடிக்கு அது ஏன் அதிகம் தேவைப்பட்டது என்பதற்கும் காரணம் அதன் உடம்பிலேயே இருக்கிறது. எஞ்சின் நடுவில் இருப்பதால் எடையெல்லாம் காரின் மையத்தை ஒட்டி அமைந்திருக்கிறது. கையை மார்போடு அணைத்துக்கொண்டு சுழலும் நடனக்காரரைப் போல, அந்த அமைப்பு சட்டென்று திரும்பும். சுழலத் தொடங்கினால் சட்டென்று சுழன்றும்விடும். வளைவில் வேகம் கூடிவிட்டது என்று பயந்து ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறார் என்று வையுங்கள். எல்லா மனிதருக்கும் இயல்பாக வரும் செயல் அது. எடை முன்னுக்குச் சாய்கிறது, பின்சக்கரங்களின் மேலுள்ள பாரம் குறைகிறது. அதே நொடியில், சுற்று விழுகிற அந்த எஞ்சின் பின்சக்கரங்களைப் பிடித்து இழுக்கிறது. பின்பகுதி வழுக்குகிறது. டிராக்ஷன் கன்ட்ரோல் இங்கே உதவாது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டுமே அது வேலை செய்யும். மற்றக் கார்களில் பிரேக் போடுவதற்காக இருக்கும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத கை இங்கே இல்லை. ஆக, அச்சத்தில் மனிதர் செய்யும் இயல்பான செயலையே விபத்தாக மாற்றக்கூடிய அமைப்பு இது. இதைத்தான் 'மன்னிக்காத குணம்' என்று கவிதையாக்கிவிட்டார்கள்.

'திறமை உள்ளவருக்கு ஒன்றும் ஆகாது' என்பார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் ஜே லெனோ வாழ்நாள் முழுவதும் பழைய, முரட்டுக் கார்களை ஓட்டிவருபவர். 2005-ல் தல்லடேகா பந்தயத் திடலில் மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் கரேரா ஜிடி அவர் கையை விட்டுச் சுழன்றது. சுவரில் மோதாமல் தப்பினார். அதே 2005 ஜூனில் கலிபோர்னியாவின் ஃபான்டானா பந்தயத் திடலில் தப்பவில்லை. பாதையில் இன்னொரு கார் நுழைந்ததால் விலக முயன்ற கரேரா ஜிடி கட்டுப்பாடு இழந்து சுவரில் மோதியது. ஓட்டியவரும் பக்கத்தில் அமர்ந்திருந்தவரும் இறந்தார்கள். பயணியின் மனைவி தொடுத்த வழக்கில் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு இல்லாததும் ஒரு குற்றச்சாட்டு. சமரசத்தில் முடிந்த அந்த வழக்கில் இழப்பீட்டின் பெரும்பங்கை ஓட்டுநரின் சொத்தும் திடல் நிர்வாகமும் ஏற்றன. போர்ஷேயும் ஒரு சிறு பங்கைக் கொடுத்தது.

பிறகு 2013 நவம்பர் 30. 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' படங்களால் உலகம் அறிந்த பால் வாக்கர், பிலிப்பைன்ஸ் புயலில் பாதிக்கப்பட்டவர்களுக்காக நடந்த ஓர் அறக்கொடை நிகழ்ச்சியிலிருந்து, நண்பர் ஓட்டிய 2005-ஆம் ஆண்டுக் கரேரா ஜிடியில் கிளம்பினார். கலிபோர்னியாவின் சான்டா கிளாரிட்டாவில், மணிக்கு 72 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாத சாலையில், கார் கட்டுப்பாடு இழந்து கம்பத்திலும் மரத்திலும் மோதித் தீப்பற்றியது. இருவரும் இறந்தார்கள். அடுத்த மார்ச்சில் வந்த காவல்துறை அறிக்கை மூன்று விஷயங்களைச் சொன்னது. வேகம் 129 முதல் 150 கிலோமீட்டர். இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை. டயர்களின் வயது ஒன்பது ஆண்டுகளுக்கு மேல்.

ஓட்டிய நண்பர் பந்தய அனுபவம் உள்ளவர். வேகம் அவர் குற்றம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வாக்கரின் மகள் தொடுத்த வழக்கு சமரசத்தில் முடிந்தது, நண்பரின் மனைவி தொடுத்ததை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சட்டத்தின் கணக்கு அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து கார்ப் பிரியர்கள் சொல்லிவருவது வேறு: 'அந்தக் காருக்கு மதிப்புக் கொடுக்காதவரை அது கொன்றுவிட்டது.' இந்த வாசகத்தில் எனக்குப் பொறுக்க முடியாத ஒன்று இருக்கிறது. பால் வாக்கர் ஓட்டவில்லை. ஃபான்டானாவில் இறந்த பயணியும் ஓட்டவில்லை. காரை மதிக்கவோ மதிக்காமல் இருக்கவோ அவர்கள் கையில் ஸ்டீயரிங் இல்லை. ஆபத்தை விரும்பி ஏற்றுக்கொண்ட வீரரின் கதையாக இதைச் சொல்லும்போது, பக்கத்து இருக்கையை எல்லாரும் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். கரேரா ஜிடியில் இரண்டு இருக்கைகள் உண்டு.

தப்பு செய்தவர் தண்டனை அனுபவிக்கட்டும் என்ற எண்ணத்தைச் சாலைப் பாதுகாப்பு உலகம் எப்போதோ கைவிட்டது. 1997 அக்டோபரில் சுவீடன் நாடாளுமன்றம் ஒரு கொள்கையை ஏற்றது. மனிதர் தப்பு செய்வார். அந்தத் தப்புக்கு உயிரே விலையாக இருக்கக்கூடாது. சாலையையும் வாகனத்தையும் அமைக்கிறவர்கள் அதற்குப் பொறுப்பு ஏற்கவேண்டும் என்பது அதன் சாரம். அதே மாதம் அதே நாட்டில், சாலையில் திடீரென்று ஒரு கடமான் குறுக்கே வந்தால் கார் எப்படி விலகும் என்று சோதித்த ஒரு பத்திரிகை, மெர்சிடஸின் புத்தம்புது ஏ கிளாஸ் காரைக் கவிழ்த்துக் காட்டியது. மெர்சிடஸ் முதலில் மறுத்தது. பிறகு விற்ற கார்களைத் திரும்பப் பெற்று, ஏ கிளாஸ் முழுவதற்கும் நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டை இலவசமாகப் பொருத்தியது. அதுவரை விலையுயர்ந்த கார்களுக்கு மட்டும் கிடைத்த கருவி நடுத்தர வர்க்கத்தின் காருக்கு வந்த வழி அது. அமெரிக்காவில் 2012 மாடல் முதலும், ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதலும் புதிய கார்கள் அனைத்துக்கும் அது கட்டாயம். ஒற்றைக் கார் விபத்தில் உயிர் போகும் அபாயத்தை அது ஏறத்தாழ பாதியாகக் குறைக்கிறது என்பது அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்புக் கழகம் கண்ட முடிவு. வளைவில் தனியாகச் சுழன்று மரத்தில் மோதும் விபத்தும் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

இதற்கு எதிராக வரும் வாதங்களில் கனமான ஒன்று உண்டு. அச்சம் கவனத்தைக் கூர்மையாக்குகிறது, வலை இல்லை என்று தெரிந்தால்தான் ஓட்டுநர் முழுமனதோடு ஓட்டுவார், அந்த முழுமனதுதான் இந்தக் காரின் பரிசு என்கிறார்கள். அனுபவித்தவர்கள் சொல்வது பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கவனத்துக்கு ஊற்று எது? கையில் எடை தெரியும் ஸ்டீயரிங், தவறவிட்டால் எஞ்சினை அணைத்துவிடும் கிளட்ச், தானே மாற்றவேண்டிய கியர், விரல்நுனி அளவு அசைவுக்கும் பதில் சொல்லும் ஆக்சிலரேட்டர். இவையெல்லாம் ஒவ்வொரு நொடியும் ஓட்டுநரிடம் வேலை வாங்குகின்றன. கார் நேராகப் போகும்வரை நிலைத்தன்மைக் கட்டுப்பாடு எதையும் செய்வதில்லை. வேலையில்லாத நேரத்தில் அது இருப்பதே தெரியாது. அது எழுந்துகொள்வது, கவனம் தோற்ற பிறகுதான்.

வெறும் ஊகமாக இதைச் சொல்லவில்லை. 2016-ல் அதே போர்ஷே 911 ஆர் என்ற காரை வெளியிட்டது. 4 லிட்டர் எஞ்சின், டர்போ இல்லை, 500 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல், 1,370 கிலோ. கரேரா ஜிடியைவிட 10 கிலோ குறைவு. மொத்தம் 991 கார்கள். ஓட்டிப் பார்த்த விமர்சகர்கள் பழைய காலத்து ஓட்டும் இன்பம் திரும்பிவிட்டது என்று கொண்டாடினார்கள். வாங்கியவர்கள் அதைப் பல மடங்கு விலைக்கு மறுவிற்பனை செய்யும் அளவுக்கு மோகம் ஏறியது. அந்தக் காரில் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு இருந்தது. அது இன்பத்தைக் கொன்றுவிட்டது என்று யாரும் புகார் சொல்லவில்லை. வேண்டாதவர் பந்தயத் திடலில் அணைத்துவிட ஒரு பொத்தானும் இருந்தது. கருவி இருந்தால் இரண்டு விதமாகவும் ஓட்டலாம். இல்லாவிட்டால் ஒரே விதம்தான், அதுவும் மழை பெய்யும் இரவானாலும், களைத்துப்போன ஓட்டுநரானாலும்.

'வயதுவந்த மனிதர் தன் பணத்தில் தன் உயிரைப் பணயம் வைக்கிறார், உனக்கென்ன' என்பது இன்னொரு வாதம். மலையேறுகிறவருக்கு அது பொருந்தும். அவர் விழுந்தால் பெரும்பாலும் அவர் மட்டுமே விழுகிறார். கரேரா ஜிடி ஓடுவது பொதுச் சாலையில். எதிரே வருகிறவரிடமும், பேருந்துக்காகக் காத்து நிற்பவரிடமும் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

இனி, இந்த வழிபாடே காரை எப்படி ஆபத்தானதாக்குகிறது என்பதற்கு வருகிறேன். என் கோபமெல்லாம் இங்கேதான். வாக்கர் விபத்து பற்றிய அறிக்கையில் மூன்றாவதாக வந்த விஷயத்தைத் திரும்பப் பாருங்கள்: ஒன்பது ஆண்டு தாண்டிய டயர். ரப்பர் தேய்வதால் மட்டும் கெடுவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜன் உள்ளே புகுந்து, ரப்பரை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருட்கள் வற்றி, அது இறுகிப்போகிறது. பார்வைக்குப் புதிது போலவே இருக்கும். கோடுகளின் ஆழம் அப்படியே இருக்கும். சாலையைப் பிடிக்கும் சக்தி மட்டும் போயிருக்கும். ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் சோதிக்கச் சொல்லியும், பத்து ஆண்டானால் தேயாவிட்டாலும் மாற்றச் சொல்லியும் மிஷலின் அறிவுறுத்துகிறது. தினமும் ஓடும் காருக்கு இந்தப் பிரச்சினை வருவதில்லை. டயர் வயதாகும் முன்பே தேய்ந்துவிடும். ஓடாமல் நிற்கும் காரில்தான் டயர் கிழடாகிறது.

கரேரா ஜிடி ஏன் ஓடாமல் நிற்கிறது? விலையால். புதிதாக வந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 4,40,000 டாலர். இன்று 10 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. இதுபோல இனி ஒன்று வராது, இதுவே கடைசி, இது மனிதரைக் கொல்லும் அளவுக்குத் தூய்மையானது என்ற கதைதான் அந்த விலையை ஏற்றியது. விலை ஏற ஏற, ஒவ்வொரு கிலோமீட்டரும் உரிமையாளருக்கு நஷ்டமாகத் தெரிகிறது. கார் கொட்டகையில் தூங்குகிறது. மெக்லாரன் எஃப்1 இதற்கு உச்ச உதாரணம். ஏபிஎஸ்கூட இல்லாத அந்தக் காரையும் இதே கூட்டம் இதே மொழியில் துதிக்கிறது. 2021-ல் கலிபோர்னியாவில் 2 கோடி டாலருக்கு மேல் ஏலம் போன ஒரு மெக்லாரன் எஃப்1, கால் நூற்றாண்டில் ஓடியிருந்தது சுமார் 390 கிலோமீட்டர். ஓட்டும் இன்பத்தின் சிகரம் என்று போற்றப்படும் காரை யாரும் ஓட்டவில்லை. பிறகு ஒருநாள் நண்பர்கள் கூடும்போது, விருந்து முடிந்த மாலையில், இறுகிய டயரோடு இப்படி ஒரு கார் சாலைக்கு வருகிறது. ஓட்டுகிறவருக்கும் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. அன்றைக்குத்தான் கார் மிக ஆபத்தானது.

வயதாகும் காரில் டயர் மட்டும் கெடுவதில்லை. 2023-ல் போர்ஷே கரேரா ஜிடி உரிமையாளர்களுக்கு, காரை ஓட்டாமல் நிறுத்திவைக்கும்படி அறிவித்தது. சஸ்பென்ஷன் கைகளில் உள்ள பந்து மூட்டுகள் உப்பால் அரிக்கப்பட்டு, அழுத்தத்தில் விரிசல் விட்டு உடையக்கூடும் என்பது காரணம். அமெரிக்காவில் மட்டும் 489 கார்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. இருபது வயதான இயந்திரம் அது. அதற்கு வேண்டியது ஒழுங்கான பராமரிப்பு. புராணம் அதற்கு ஒரு உதவியும் செய்யவில்லை.

பராமரிப்பு என்ன செய்யும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. இந்தக் காரை உருவாக்கும் காலத்தில் சோதித்துச் செதுக்கியவர் வால்ட்டர் ரோர்ல், 1980, 1982 ஆண்டுகளின் உலக ராலி சாம்பியன். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வடக்குச் சுற்றில் அன்று அவர் எடுத்த நேரம் 7 நிமிடம் 28 விநாடி. இருபது ஆண்டுகள் கழித்து, 2024-ல் போர்ஷே அதே மாடலை அதே திடலுக்குத் திரும்பக் கொண்டுபோனது. மிஷலின் இந்தக் காருக்கென்றே புதிதாக உருவாக்கிய பைலட் ஸ்போர்ட் கப் 2 டயர்கள் அதில் இருந்தன. ஓட்டியவர் யோர்க் பெர்க்மைஸ்டர். நேரம் 7 நிமிடம் 12 விநாடி. எஞ்சினில் குதிரைத்திறன் கூடவில்லை, நிலைத்தன்மைக் கட்டுப்பாடும் சேரவில்லை. ஒரு சுற்றில் 16 விநாடிகள் குறைந்தன. அந்த ஓட்டம் வேகத்துக்காகவே நடந்தது என்பது உண்மை. ஆனால் டயரின் பிடிப்பு கூடினால் வளைவில் மிஞ்சும் இடமும் கூடுகிறது, தப்புக்கும் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. 'மன்னிக்காத குணம்' என்று நாம் போற்றியதில் கணிசமான பங்கு காரின் பிறவிக்குணமே அல்ல, பழைய ரப்பர். அந்த ரப்பரின் குறையை இத்தனை ஆண்டுகளாகக் காரின் வீரம் என்று பாடியிருக்கிறார்கள்.

டயர் நன்றாகி, பிடிப்பு கூடி, இன்னும் வேகமாக ஓடிய அந்தக் காரின் மகத்துவம் குறைந்துவிட்டதா? அந்த வி10-இன் ஓசை மாறிவிட்டதா, மரக் குமிழ் கையில் படும் சுகம் போய்விட்டதா? ஒன்றும் போகவில்லை. ஆபத்தில் ஒரு பகுதியைக் கழித்த பிறகும் கரேரா ஜிடி முழுதாக நிற்கிறது.

கார்களைப் பற்றி எழுதுகிற நண்பர்களே, அந்தப் பட்டப்பெயரை இனி எழுதாதீர்கள். கணவரை இழந்த பெண்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் துயரம் உங்கள் தலைப்புக்கு அலங்காரம் அல்ல. கரேரா ஜிடியை வைத்திருப்பவர்களே, அதைக் கொட்டகையில் பூட்டாதீர்கள், ஓட்டுங்கள். வேகத்தைப் பந்தயத் திடலில் வைத்துக்கொள்ளுங்கள். 2023 அறிவிப்பின்படி மூட்டுகளை மாற்றிவிட்டீர்களா என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். முதல் இரண்டு அது உருவான வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதைக் குனிந்து படியுங்கள். பக்கத்து இருக்கையில் யாராவது ஏறுவதாக இருந்தால், இந்தக் காரில் என்ன இல்லை என்பதை அவரிடம் சொல்லிவிட்டுக் கதவைத் திறங்கள்.